விளம்பரம் ஓடிய பிறகுதான் வருமானம்: இணைய விளம்பரக் கம்பனியில் கணக்கு எழுதப் புதிதாக வருபவர்களுக்கு

ஒடிட் நிறுவனத்தில் பயிற்சியை முடித்துவிட்டு, கொள்ளுப்பிட்டியிலோ மருதானையிலோ உள்ள ஓர் இணைய விளம்பரக் கம்பனியின் கணக்குப் பிரிவில் சேர்கிறவர்களுக்கு முதல் மாத முடிவு பெரிய தலையிடி. அதுவரை பார்த்த கம்பனிகளில் லொறி போகும், டெலிவரி நோட்டில் கையெழுத்து வரும், விற்பனையைப் பதிந்துவிடலாம். இங்கே லொறியும் இல்லை, களஞ்சியமும் இல்லை. பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்குள் நின்றபடி யாரோ போனைத் தட்டும்போது ஓரிரு விநாடி தெரிந்து மறையும் ஒரு படம்தான் இங்கே சரக்கு. அதை எப்போது விற்றதாக எழுதுவது, எவ்வளவுக்கு எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

விதி புதிதல்ல. இலங்கையில் வருமானத்தை எப்படிப் பதிவது என்று சொல்லும் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற கணக்கீட்டு நியமம். சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 15 ஐத் தழுவியது. சர்வதேச நியமம் 2014 மே மாதம் வெளியாகி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கக் கம்பனிகள் 606 என்ற எண்ணுள்ள தலைப்பின் கீழ் ஏறக்குறைய இதையேதான் பின்பற்றுகின்றன. ஒப்பந்தத்தைக் கண்டுபிடி, அதில் கொடுத்த வாக்குகளைப் பிரி, விலையைத் தீர்மானி, விலையை வாக்குகளுக்குப் பங்கிடு, வாக்கு நிறைவேறும்போது வருமானத்தைப் பதி. பரீட்சைக்கு இந்த ஐந்து படிகளையும் பாடமாக்கியிருப்பீர்கள். வேலையில் ஐந்துக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கத் தேவையில்லை. கீழே தலைப்புகளில் வரும் படிகள் அந்த ஐந்து அல்ல, இந்த வேலைக்கான என் வரிசை. விளம்பரத் தொழிலில் ஒடிட்டரோடு வாக்குவாதம் வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: ஆண்டு முடிவில் எதுவரை எடுக்கலாம் என்பது ஒன்று, முழுத் தொகையைக் காட்டலாமா கொமிஷனை மட்டும் காட்ட வேண்டுமா என்பது மற்றது.

முதலாம் படி: ஒப்பந்தத்தைக் கையில் எடுங்கள்

விற்பனைப் பிரிவு அனுப்பும் எக்செல் கோப்பிலிருந்து தொடங்காதீர்கள். விளம்பர ஓடரைக் கேட்டு வாங்குங்கள். பெரிய வாடிக்கையாளர் என்றால் கையெழுத்திட்ட தாள் இருக்கும். சிறியவர் என்றால் ஒரு மின்னஞ்சல், சில நேரம் வாட்ஸ்அப்பில் "சரி, போடுங்க" என்ற ஒற்றை வரி. வாய்ச்சொல்லும் வழக்கமும்கூட ஒப்பந்தமாகலாம் என்று நியமமே சொல்கிறது. ஆனால் இரு தரப்பின் உரிமையும் கொடுப்பனவு நிபந்தனையும் தெளிவாக இருக்க வேண்டும், பணம் வரும் என்று நம்ப நியாயமான காரணமும் வேண்டும். போன வருடக் காசையே இன்னும் தராதவர் இந்த வருடமும் ஓடர் தந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஓடரில் பென்சிலால் கோடிட வேண்டிய விடயங்கள் சில உண்டு. எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்த அலகுக்கு விலை, எத்தனை அலகு உத்தரவாதம், இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பவற்றோடு, யாருடைய எண்ணிக்கை செல்லும் என்பதையும் பாருங்கள். இந்தக் கடைசி வரியை எல்லோரும் தாண்டிப் போவார்கள். உங்கள் சேர்வர் 50 இலட்சம் தடவை காட்டியதாகச் சொல்லும், வாடிக்கையாளரின் அளவீட்டுக் கருவி 46 இலட்சம் என்று சொல்லும். இரண்டும் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னாருடைய எண்ணே செல்லும் என்று எழுதுவது தொழிலில் வழக்கம். அந்த வரி இல்லாத ஓடரை விற்பனைப் பிரிவுக்கே திருப்பி அனுப்புங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

இரண்டாம் படி: எதற்குக் காசு?

விலை எந்த அலகில் இருக்கிறதோ, பெரும்பாலும் அந்த அலகு நடக்கும்போதுதான் வருமானம். ஆயிரம் காட்சிக்கு இவ்வளவு என்ற சிபிஎம் முறையில் விளம்பரம் காட்டப்படும்போது. கிளிக் ஒன்றுக்கு இவ்வளவு என்றால் கிளிக் விழும்போது. அப்ளிகேஷனை இறக்கினால்தான் காசு, பொருளை வாங்கினால்தான் காசு என்று ஒப்பந்தம் இருந்தால், பத்து இலட்சம் தடவை காட்டினாலும் அந்தச் செயல் நடக்காதவரை உங்கள் பேரேட்டில் ஒன்றும் இல்லை. கூகுளும் மெட்டாவும் தங்கள் ஆண்டறிக்கைகளில் வருமானக் கொள்கையை இப்படித்தான் விவரிக்கின்றன. காட்சிக்கான காசு காட்டும்போது, செயலுக்கான காசு செயல் நடக்கும்போது.

"பார்க்கத்தக்க காட்சி" என்று ஓடரில் இருந்தால் கவனம். பட விளம்பரத்தின் பாதிப் பரப்பாவது தொடர்ந்து ஒரு விநாடி திரையில் இருந்தால்தான் அது பார்க்கத்தக்கது, காணொளிக்கு இரண்டு விநாடி. தொழில் முழுக்க இதுதான் அளவுகோல். சேர்வர் அனுப்பிய எண்ணிக்கையை இங்கே பயன்படுத்தினால் வருமானம் கூடிப் போய்விடும்.

செய்தித்தளத்தின் முகப்பில் ஒரு மாதம் முழுக்க உங்கள் பேனர் மட்டும், எத்தனை பேர் பார்த்தாலும் ஒரே விலை என்ற அனுசரணை முறையும் உண்டு. அதற்கு நாட்கணக்குப் போதும். 30 நாள் என்றால் நாளுக்கு முப்பதில் ஒன்று.

மூன்றாம் படி: மார்ச் 31

இலங்கையில் பெரும்பாலான கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது. சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 13, 14. வருடத்தின் மிகப் பெரிய விளம்பரக் காலமே ஆண்டு முடிவுக் கோட்டின் மேல் கால்போட்டு நிற்கிறது. வேறு நாட்டில் இந்தத் தொழிலைச் செய்பவர்களுக்கு டிசம்பரில் வரும் தொல்லை நமக்கு மார்ச்சில்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பிஸ்கட் கம்பனி ஒன்று மார்ச் 20 முதல் ஏப்ரல் 13 வரை, 25 நாட்களுக்கு ஓடர் தருகிறது. 80 இலட்சம் காட்சிகள், ஆயிரத்துக்கு 250 ரூபா. மொத்தம் 20 இலட்சம் ரூபா. மார்ச் 18 ஆம் திகதியே முழுத் தொகைக்கும் இன்வொய்ஸ் அடித்தாயிற்று, 18 சதவீத வற் வரியோடு 23,60,000 ரூபா. வாடிக்கையாளர் உடனே கட்டியும் விட்டார்.

விற்பனை முகாமையாளரின் மனக்கணக்கு: 20 இலட்சமும் இந்த ஆண்டு. அப்படியென்றால் அவருடைய போனசும் இந்த ஆண்டு. புதிதாக வந்தவர் கொஞ்சம் யோசித்து, மார்ச்சில் 12 நாள், ஆகவே 20 இலட்சத்தை 25 ஆல் பிரித்து 12 ஆல் பெருக்கி 9,60,000 என்பார். இரண்டும் பிழை. வாக்குக் கொடுத்தது நாட்களை அல்ல, காட்சிகளை. மார்ச் 31 நள்ளிரவு வரை 31 இலட்சம் காட்சிகள் போயிருந்தால் வருமானம் 7,75,000 ரூபா. புத்தாண்டுக்கு முந்திய வாரம்தான் ஆட்கள் கடைகடையாக ஏறி இறங்குவார்கள், அதனால் பிஸ்கட் கம்பனியும் செலவை அந்த வாரத்தில்தான் குவிக்கும். நாட்கணக்குப் போட்டவர் 1,85,000 ரூபாவைக் கூடுதலாக எடுத்துவிட்டார்.

பதிவு இப்படி (வரவு என்றால் டெபிட், செலவு என்றால் கிரெடிட்). வங்கிக்கு 23,60,000 வரவு. வற் கட்டுப்பாட்டுக் கணக்குக்கு 3,60,000 செலவு, அது அரசாங்கத்தின் காசு, வருமானத்தின் பக்கம் தலைகாட்டக் கூடாது. மீதி 20 இலட்சம் ஒப்பந்தப் பொறுப்பில், அதாவது காசு வாங்கியும் இன்னும் செய்து கொடுக்காத வேலைக்கான கணக்கில், செலவு. மார்ச் 31 அன்று ஒப்பந்தப் பொறுப்பில் 7,75,000 வரவு, வருமானத்தில் 7,75,000 செலவு. மீதி 12,25,000 ரூபா பொறுப்பாகவே அடுத்த ஆண்டுக்குப் போகிறது.

வாடிக்கையாளர் கட்டவில்லை, இன்வொய்ஸ் மட்டும் போயிருக்கிறது, விரும்பினால் ஓடரை நிறுத்தவும் அவருக்கு உரிமை உண்டு என்றால்? ஓடாத பகுதிக்குக் கடன்பட்டோரையும் காட்டக் கூடாது, பொறுப்பையும் காட்டக் கூடாது. இன்வொய்ஸ் அடித்ததாலேயே காசு கேட்கும் உரிமை பிறந்துவிடாது. மென்பொருள் இரண்டு பக்கத்தையும் தானாகவே ஊதிக் காட்டும், ஆண்டு முடிவில் கையால் நீக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரானதும் வரும். பிஸ்கட் விளம்பரம் ஏப்ரல் 13 வரை ஓடியும் 74 இலட்சம் காட்சிகள்தான் தேறின. குறைந்த 6 இலட்சத்துக்கு 1,50,000 ரூபா. அதைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது வாடிக்கையாளர் சம்மதித்தால் மே மாதத்தில் ஓட்டிக் கொடுக்கலாம். எதுவானாலும் ஏப்ரலில் அந்த 1,50,000 வருமானம் இல்லை. இன்னொரு வகை, தொடக்கத்திலேயே "5 இலட்சம் காட்சி மேலதிகமாக இலவசம்" என்று விற்பவர் வாக்குக் கொடுத்திருப்பது. அப்போது வாக்கு 85 இலட்சம், ஆயிரத்துக்கு விலை 250 அல்ல, 235 ரூபா 29 சதம். முதல் நாளிலிருந்தே அந்த விலைதான்.

நான்காம் படி: பொதி விற்றால் பிரியுங்கள்

விளம்பரமும் தொழில்நுட்பமும் சேர்ந்த கம்பனி என்றால் பொதியாகத்தான் விற்பார்கள். 12 இலட்சத்துக்கு விளம்பர ஓட்டம், ஆறு மாத டாஷ்போர்ட் (விளம்பர எண்களை ஒரே திரையில் காட்டும் பக்கம்) சந்தா, அத்தோடு ஒரு குறுங்காணொளி "இலவசம்". தனித்தனியாக விற்றால் விளம்பரம் 10 இலட்சம், சந்தா 3 இலட்சம், காணொளி 2 இலட்சம், கூட்டினால் 15 இலட்சம். 12 ஐ 15 ஆல் பிரித்தால் 0.8. ஆகவே விளம்பரத்துக்கு 8 இலட்சம், காட்சி காட்சியாக. சந்தாவுக்கு 2,40,000, மாதம் 40,000. காணொளிக்கு 1,60,000, கோப்பைக் கையளித்த நாளில். இலவசம் என்று பெயர் வைத்ததற்கும் ஒரு விலை இருக்கிறது.

டாஷ்போர்டை அமைத்துக் கொடுக்கத் தொடக்கக் கட்டணம் வாங்கினால், அந்த அமைப்பு வேலை மட்டும் தனியாக வாடிக்கையாளருக்குப் பயன்படுமா என்று பாருங்கள். பெரும்பாலும் பயன்படாது. அப்போது அதையும் சந்தாக் காலத்துக்குப் பரப்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: முழுத் தொகையா, கொமிஷனா?

நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. வாடிக்கையாளர் 10 இலட்சம் தருகிறார். நீங்கள் 8,50,000 ரூபாவைப் பேஸ்புக்குக்கோ ஒரு செய்தித்தளத்துக்கோ கொடுத்து விளம்பரம் போடுகிறீர்கள். கையில் நிற்பது 1,50,000. வருமானம் 10 இலட்சமா, ஒன்றரை இலட்சமா? இலாபம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் வங்கியில் கடன் கேட்கப் போகும்போதும் முதலீட்டாளர் கம்பனிக்கு விலை போடும்போதும் முதலில் பார்ப்பது கணக்கின் உச்சியில் நிற்கும் வருமானத் தொகையை. வெள்ளவத்தையில் வீடு பார்த்துத் தரும் தரகர் வீட்டு விலையைத் தன் உழைப்பு என்று சொல்லமாட்டார். இணைய விளம்பரத்தில் அதைச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும்.

நியமம் கேட்பது ஒரே கேள்வி: வாடிக்கையாளருக்குக் கைமாறுவதற்கு முன் அந்த விளம்பர இடம் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா? விடை தெளிவில்லை என்றால் மூன்று அடையாளங்களைப் பார்க்கச் சொல்கிறது. சேவை சரியில்லை என்றால் வாடிக்கையாளர் யாரைப் பிடிப்பார், விற்காமல் போனால் நட்டம் யாருக்கு, விலையை யார் வைக்கிறார். மூன்றும் அடையாளங்கள் மட்டுமே, புள்ளி போட்டுக் கூட்டிப் பார்க்கும் பட்டியல் அல்ல.

வாடிக்கையாளரின் சொந்த பேஸ்புக் விளம்பரக் கணக்குக்குள் புகுந்து நீங்கள் ஓட்டிக் கொடுக்கிறீர்கள், அவருடைய கார்டிலேயே காசு போகிறது என்றால் சந்தேகமே இல்லை. நீங்கள் முகவர், வருமானம் உங்கள் கட்டணம் மட்டும். மறுபக்கம், ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தின் முகப்பை ஒரு மாதத்துக்கு 5 இலட்சம் கொடுத்து முன்கூட்டியே வாங்கிவிட்டீர்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தக் காசு போனதுதான். அதைத் துண்டு போட்டு நீங்கள் வைத்த விலைக்கு நகைக்கடைக்கும் டியூஷன் வகுப்புக்கும் விற்கிறீர்கள். இங்கே நீங்களே முதல்வர் (பிரின்சிபல்), அதாவது சொந்தப் பொறுப்பில் விற்பவர், முழுத் தொகையும் வருமானம், 5 இலட்சம் செலவு.

இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கல். உங்கள் கணக்கில், உங்கள் கார்டில், வாடிக்கையாளர் சொன்ன வரவுசெலவுக்குள் வாங்கிக் கொடுப்பது. கொழும்பில் பெரும்பாலான சிறிய ஏஜென்சிகள் செய்வது இதைத்தான். கார்ட் உங்களுடையது என்பதால் மட்டும் நீங்கள் முதல்வராகிவிட மாட்டீர்கள். வாடிக்கையாளர் ஓடர் தந்த பிறகுதான் வாங்குகிறீர்கள், காட்சி உங்களிடம் ஒரு கணம்கூடத் தங்குவதில்லை, ஊடகச் செலவு இவ்வளவு, எங்கள் கட்டணம் 15 சதவீதம் என்று இன்வொய்ஸிலேயே பிரித்துக் காட்டுகிறீர்கள். என் கணிப்பில் இது கொமிஷன்தான். முழுத் தொகையைக் காட்ட விரும்பும் முதலாளிக்கு இது பிடிக்காது. ஆனால் ஒடிட்டர் வந்து மாற்றச் சொல்வதை விட, நீங்களே முதல் நாளில் சொல்லிவிடுவது நல்லது.

உலகப் பெரிய கம்பனிகளும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. மற்றவர்களின் தளங்களில் போடும் விளம்பரங்களுக்குக் கூகுள் பொதுவாக முழுத் தொகையையும் வருமானமாகக் காட்டி, தளங்களுக்குக் கொடுக்கும் பங்கைச் செலவில் எழுதுகிறது. விளம்பரதாரர்களுக்கு வாங்கும் கருவியை விற்கும் த ட்ரேட் டெஸ்க், ஊடகச் செலவு நீங்கிய தன் பங்கை மட்டுமே காட்டுகிறது. அவை செய்யும் வேலையும் ஒப்பந்தமும் வேறு வேறு. கூகுள் செய்கிறதே, நாமும் செய்யலாம் என்பது வாதமாகாது. கூப்பன் விற்ற குரூப்பான் 2011 இல் பங்குச் சந்தைக்கு வரும் முன் இந்த விடயத்தில்தான் தடுக்கி விழுந்தது. 2010 ஆம் ஆண்டுக்கு 71.3 கோடி டொலர் என்று காட்டிய வருமானத்தைக் கடைக்காரர்களின் பங்கைக் கழித்து 31.3 கோடியாகத் திருத்த வேண்டி வந்தது.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. வருமானம் ஒன்றரை இலட்சம் என்பதால் கடன்பட்டோரும் ஒன்றரை இலட்சம் ஆகாது. வாடிக்கையாளர் உங்களுக்குத் தர வேண்டியது 10 இலட்சம், நீங்கள் தளத்துக்குத் தர வேண்டியது 8,50,000. நிதி நிலைமைக் கூற்றில் இரண்டும் முழுதாக நிற்கும். வாடிக்கையாளர் கைவிரித்தாலும் பேஸ்புக் விடாது. கொமிஷன் மட்டும் வாங்கும் கம்பனிகள் கவிழ்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விலையைத் தின்னும் விடயங்கள்

ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் செலவிட்டால் 5 சதவீதம் திருப்பித் தருவோம் என்று பெரிய வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த ஆள் எப்படியும் ஒரு கோடியைத் தாண்டுவார் என்று தெரிந்தால், முதல் மாதத்திலிருந்தே ஒவ்வொரு நூறு ரூபாவிலும் 95 ஐத்தான் வருமானமாக எடுக்க வேண்டும். மார்ச்சில் ஒரேயடியாக வெட்டினால் பதினொரு மாதக் கணக்கும் பொய். போலிக் கிளிக்குகளும் அப்படித்தான். தானியங்கி நிரல்கள் தட்டியவை என்று பின்னால் கண்டுபிடித்துக் காசைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இருந்தால், முந்தைய மாதங்களின் விகிதத்தைப் பார்த்து இப்போதே ஒதுக்குங்கள்.

புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் உங்கள் தளத்தில் 25,000 ரூபாவை முன்கூட்டி ஏற்றுகிறார், நீங்கள் 5,000 ரூபாவுக்கு இலவச மிகுதி தருகிறீர்கள். ஏற்றிய அன்று வருமானம் பூச்சியம். 30,000 ரூபா மிகுதிக்கு அவர் கொடுத்தது 25,000. மார்ச்சில் 12,000 ரூபா மிகுதியைச் செலவிட்டால் வருமானம் 10,000. செலவிடாமல் கிடக்கும் பழைய மிகுதிகளை, "இனி வரமாட்டார்" என்று நினைத்து வருமானத்துக்குத் தள்ளுவதற்கு முன் விதிமுறையில் காலாவதி இருக்கிறதா, பழைய வாடிக்கையாளர்கள் எவ்வளவு விட்டுப்போனார்கள் என்ற பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் பொறுப்பு பொறுப்பாகவே இருக்கட்டும்.

டொலரில் முற்பணம் வந்தால், அது வந்த நாளின் மாற்று விகிதமே வருமானத்துக்கும். 2022 பெப்ரவரியில் டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தபோது வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் 10,000 டொலர் வாங்கி, விளம்பரத்தை ஏப்ரலில் ஓட்டியவருக்கு வருமானம் சுமார் 20 இலட்சம் ரூபாதான். ஏப்ரலில் டொலர் 300 ஐத் தாண்டியிருந்தாலும் அப்படித்தான். வங்கியில் கிடக்கும் டொலரின் ஏற்றம் வேறு கணக்கு, அது மாற்று இலாபம்.

மாத முடிவு வேலை

முதலில் நேர வலயம். சில தளங்களின் அறிக்கைகள் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் வரும். அங்கே மார்ச் 31 முடியும்போது கொழும்பில் ஏப்ரல் 1 மதியம் 12.30. அறிக்கையின் அமைப்பில் கொழும்பு நேரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணை எடுங்கள். மாற்ற முடியாது என்றால் மணிவாரி அறிக்கையை இறக்கி, ஆண்டு முடிவில் மட்டுமாவது திருத்துங்கள்.

பிறகு ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு வரி போட்டு எக்செல் ஒன்று. ஓடர் தொகை, இதுவரை ஓடியது, இதுவரை எடுத்த வருமானம், இன்வொய்ஸ் அடித்தது, வந்த காசு. ஓடியது இன்வொய்ஸை விடக் கூட என்றால் அட்டுறு வருமானம், வந்த காசு ஓடியதை விடக் கூட என்றால் ஒப்பந்தப் பொறுப்பு. இந்தத் தாளின் கூட்டுத்தொகை பேரேட்டோடு ஒத்துப் போக வேண்டும். ஒத்துப் போகாத மாதம் கணக்கை மூடாதீர்கள்.

வற் வரி அறிக்கையும் வருமானமும் ஒத்துப் போகாது, அதைக் கண்டு பதற வேண்டாம். இன்வொய்ஸ் அடித்தாலோ காசு வாங்கினாலோ வற் அந்தக் காலத்துக்கு வந்துவிடும், வருமானம் விளம்பரம் ஓடிய பிறகுதான் வரும். 2024 ஜனவரி 1 முதல் வீதம் 18 சதவீதம், ஆகவே வித்தியாசம் சிறியதல்ல. இரண்டுக்கும் இடையில் ஓர் இணக்கக் கூற்றை மாதாமாதம் செய்து வைத்தால், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து கேள்வி வரும் நாளில் நிம்மதியாகப் போகலாம்.

கடைசியாக, ஆதாரம். தளங்கள் பழைய நாட்களின் எண்களைப் பின்னாலும் திருத்திக்கொண்டே இருக்கும், போலிக் கிளிக்குகளை நீக்கும். ஏப்ரல் 2 ஆம் திகதி பார்த்த மார்ச் மாத எண்ணும் ஒடிட்டர் ஜூனில் பார்க்கும் மார்ச் மாத எண்ணும் ஒன்றாக இருக்காது. எந்த அறிக்கையை வைத்துப் பதிந்தீர்களோ அதையே இறக்கி, எடுத்த திகதியையும் நேரத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, அந்த மாதக் கோப்புறையில் போடுங்கள். திருத்தம் சிறிதென்றால் அடுத்த மாதத்தில் சரிசெய்யலாம். மார்ச் மாதத்துக்கு மட்டும், கணக்குகள் கையெழுத்தாகும்வரை வரும் திருத்தங்களைத் தனியே குறித்து ஒடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.